டேலி ஆனால் போதுமா?

(நம் சங்கத்தின் விளையாட்டு நாள் பரிசளிப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பேங்க் கிளார்க்கிடம் மைக்கைக் கொடுத்தால் அவன் கணக்குதான் பேசுவான். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பார்க்கிங் பக்கத்துக் காலியிடத்தில் நடந்த பையன்கள் ஃபைனலை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பி பிளாக் 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலும் ஏ பிளாக் பையன் ஒருவனுடைய முழங்காலில் பட்டு உள்ளே போனது. விசில் ஊதியதும் பி பிளாக் பிள்ளைகள் குதித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முகத்திலோ ஈயாடவில்லை. "இப்படி ஜெயிக்கிறதுக்குத் தோத்திருக்கலாம்" என்றார் ஒருவர். "அதான் ஜெயிச்சாச்சுல்ல, விடுங்க சார்" என்றார் பக்கத்தில் நின்றவர். இரண்டு பேரும் நல்லவர்கள், காலையில் ஒன்றாக வாக்கிங் போகிறவர்கள். இன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் ஊர் கிரிக்கெட் ஊர். நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். நடந்தால் வண்டி கட்டிக்கொண்டு போவோம். 2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பை வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். கிரிக்கெட் லீக்கில் ரன் ரேட் என்று ஒன்று இருக்கிறது. இழுபறியில் ஜெயித்தாயா, அடித்து ஜெயித்தாயா என்பது அதில் தெரிந்துவிடும். கால்பந்தில் 1-0 என்றாலும் 3 புள்ளி, 5-0 என்றாலும் 3 புள்ளி. கோல் வித்தியாசத்தைப் பெரும்பாலும் புள்ளி சமமானால்தான் பார்ப்பார்கள். அதனால்தான் கால்பந்து ரசிகன் ஜெயித்த பிறகும் தூங்காமல் புரள்கிறான்.

இதற்கு நம் இந்திய அணியிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 அக்டோபரில் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் தெற்காசியக் கோப்பை, அதாவது சாஃப் போட்டி நடந்தது. ஐந்து அணிகள், முதல் இரண்டு இடம் பிடித்தால் ஃபைனல். முதல் ஆட்டத்தில் வங்கதேசத்தில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பத்துப் பேரோடு ஆடினார்கள். அப்படியும் 1-1. அடுத்தது இலங்கை. உலகத் தரவரிசையில் நாம் 107, அவர்கள் 205. அந்த ஆட்டம் 0-0. மூன்றாவது ஆட்டம் நேபாளத்தோடு. முடியப் பத்து நிமிடம்கூட இல்லாதபோது சுனில் சேத்ரி ஒரு கோல் போட்டார், 1-0. அது அவருடைய 77-ஆவது சர்வதேச கோல். பீலேயின் கணக்கைத் தொட்டுவிட்டார்.

கொண்டாட வேண்டிய நாள்தானே? பாதிப் பேர் பீலேயோடு சேத்ரி படத்தைப் போட்டு மகிழ்ந்தார்கள். மீதிப் பேர், நேபாளத்தை ஜெயிக்கவே இந்தப் பாடா என்று புலம்பினார்கள். பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை மாற்றச் சொல்லி அந்த நாட்களில் குரல் எழுந்தது. பிறகு நடந்தது தெரியும். மாலத்தீவை ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டத்தில் 3-1, ஃபைனலில் அதே நேபாளத்தை 3-0. கோப்பை வந்தது, புலம்பியவர்கள் வாய் அடைத்தது.

இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி உள்ளே வருகிறது.

பி.காம். முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனதால் மட்டும் கணக்கு சரி என்று ஆகாது. ஒரு கவுன்டரில் 500 ரூபாய் கூடுதல், பக்கத்துக் கவுன்டரில் 500 ரூபாய் குறைவு என்று வையுங்கள். கிளையின் மொத்தம் அழகாக டேலி ஆகும். மேனேஜர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். இரண்டு தப்பு நடந்திருப்பது அப்படியே உள்ளே கிடக்கும். டேலி ஆகாத நாளில் எல்லோரும் உட்கார்ந்து தேடுவோம், ராத்திரி எத்தனை மணியானாலும். டேலி ஆன நாளில் யாரும் தேடுவதில்லை. ஆபத்து அந்த நாளில்தான்.

அந்த 2021 கோப்பையைக் கணக்கர் கண்ணால் பாருங்கள். இந்தியா மொத்தம் போட்டது 8 கோல். அதில் சேத்ரி ஒருவரே 5. ஒரு கிளையின் டெபாசிட்டில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளருடைய பணம் என்றால், ஆடிட்டர் அதைச் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போவார். அவர் நாளைக்குக் கணக்கை முடித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்பார். 1-0 அன்றைக்குப் புலம்பியவர்களில் பலர் கேட்டதும் அதுதான்: சேத்ரிக்கு அப்புறம் கோல் போட யார்? கோப்பை வந்ததும் அந்தக் கேள்வியைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மூடிவிட்டார்கள்.

2023 ஜூலையில் இன்னொரு சாஃப் கோப்பை வந்தது, குவைத்தை பெனால்டியில் ஜெயித்து. அந்த மாதம் தரவரிசையில் 99-க்கு வந்தோம். நவம்பர் 16-ஆம் தேதி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், குவைத்திலேயே போய் 1-0. மன்வீர் சிங் கோல். ஊரே மெச்சியது, மெச்ச வேண்டியதுதான். அதற்கு அப்புறம்? ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில், நம் சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 1-2. 2024 முழுவதும் 11 ஆட்டங்கள், 4 கோல்கள், ஒரு வெற்றியும் இல்லை. ஜூனில் சேத்ரி ஓய்வு பெற்றார், ஸ்டிமாச்சை நீக்கினார்கள். அடுத்த வெற்றி 2025 மார்ச்சில்தான், ஷில்லாங்கில் மாலத்தீவோடு. அதற்கும் 40 வயது சேத்ரியைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அவரும் வந்து கோல் போட்டார்! 2025 நவம்பரில் தரவரிசை 142.

ஆகவே ஜெயித்த அன்றைக்கு முகம் சுளிக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கிற திண்டுக்கல்காரன் நான். இழுத்துப் பார்ப்பது பூட்டைச் செய்தவனுக்கு அவமானம் இல்லை.

சொந்த அணி ஜெயித்ததற்காக வெட்கப்பட்ட ரசிகர்களும் உலகத்தில் உண்டு. 1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் கிகோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை 1-0 என்று ஜெயித்தது. கோல் விழுந்தது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில். அந்த ஸ்கோரில் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், முந்தின நாளே ஆட்டத்தை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே போகும். மிச்ச நேரம் முழுக்க ஆளுக்கு ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்பெயின் ரசிகர்கள் கைக்குட்டையை ஆட்டி வெளியே போகச் சொன்னார்கள். ஜெர்மன் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒரு கட்டத்தில் பேச மறுத்துவிட்டார். ஜெர்மனியிலேயே கோபம் கொதித்தது. ஸ்கோர் ஷீட்டில் அது சுத்தமான வெற்றி, ஒரு விதியும் மீறப்படவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தால்தான் 1986 உலகக் கோப்பை முதல் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். அவர்களும் "அதான் ஜெயிச்சாச்சுல்ல" என்று சும்மா இருந்திருந்தால்?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புலம்பலுக்கு விலாசம் சரியாக இருக்க வேண்டும். ஆடிட்டர் கவுன்டரில் நிற்கிற புதுப் பையனைப் பார்த்துக் கத்த மாட்டார், ரிப்போர்ட்டை மேலே அனுப்புவார். இன்று ஏ பிளாக் பையன் முழங்காலில் பந்து பட்டதற்கு அவனை மூன்று பேர் திட்டினார்கள். அது தணிக்கை இல்லை, வெறும் வயிற்றெரிச்சல். பி பிளாக்குக்கு ஏன் நாற்பது நிமிடத்தில் கோலை நோக்கி ஒரு நல்ல உதைகூட இல்லை என்று கேளுங்கள், அது பயிற்சி கொடுக்கிற பெரியவர்களான நம்மிடம் வரும் கேள்வி.

2018 ஜூன் மாதம் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றபோது அரங்கில் இருந்தது 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்: திட்ட வேண்டுமானாலும் மைதானத்துக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேரே திட்டுங்கள் என்று. அடுத்த ஆட்டம் கென்யாவோடு. கொட்டுகிற மழையில் அரங்கு நிறைந்தது, அவருக்கு அது 100-ஆவது ஆட்டம், 3-0. அந்தக் கூட்டத்திலும் குறை சொல்லத் தெரிந்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

இந்தியாவின் அடுத்த ஆட்டத்தைக் கீழே ஹாலில் பெரிய திரையில் போடச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். நாற்காலி போதாது, ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். தள்ளி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு சார்களுக்கும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து இடம் இப்போதே பிடித்து வைத்திருக்கிறேன்.