செய்யுமுன் பெறும் பரிசு

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டம் பெற்றபின் ஊருக்கு என்ன செய்யலாம் என்பதுபற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். இப்பொருளைப் பொதுவாகப் பேசினால் நல்ல வார்த்தைகள் பல சொல்லலாம். நீங்களும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆதலால் அவ்வாறு பேசாது, ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்க்கு வழங்கும் பரிசொன்றையும், அதற்கு விண்ணப்பிக்க விரும்புவோன் சிந்திக்க வேண்டியவற்றையும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நமக்கு வேண்டியதை ஆராய எண்ணுகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவிலே, பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஏமி கட்மன் அம்மையார் அதன் தலைவராக இருந்த காலத்தில், 2015ஆம் ஆண்டிலே, தலைவரின் சமூக ஈடுபாட்டுப் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டது. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் தனித்தோ சிலர் சேர்ந்தோ அதற்கு விண்ணப்பிக்கலாம். தம் ஊரிலாயினும், நாட்டின் வேறொரு பாகத்திலாயினும், கடல் கடந்த தேசத்திலாயினும், மக்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வேலையைத் திட்டமிட்டுக் காட்டவேண்டும். தெரிவு செய்யப்பட்டால், அவ்வேலைக்கென 100,000 டொலர் வரையும், செய்பவரின் சீவனத்துக்கென ஆளொருவருக்கு 50,000 டொலர் வரையும் கிடைக்கும். பட்டம் பெற்றதை அடுத்த ஓராண்டை அவர் அவ்வேலைக்கே ஒப்புக்கொடுக்க வேண்டும்.

அப்பரிசு அப்பல்கலைக்கழக மாணவர்க்கே உரியது. இந்த மண்டபத்திலிருக்கும் நாம் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதனால் என்ன? பணம் அவர்களுக்கு, கேள்விகள் எல்லோருக்கும் பொது.

நான் மிஷன் பாடசாலையொன்றிற் பயின்றவன். அங்கே வருடந்தோறும் பரிசளிப்பு விழா நடைபெறும். கணிதத்தில் முதலாவதாக வந்தவனுக்கு ஒரு புத்தகம். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனுக்கு ஒரு கிண்ணம். ஓடி முடித்தவனுக்குத்தான் கிண்ணம். ஓடப்போகிறேன் என்பவனுக்குக் கொடுப்பாருண்டோ? இப்பரிசோ ஓடுவதற்கு முன்னரே கொடுக்கப்படுகிறது. செய்து முடித்த செயலுக்குக் கிடைப்பது பாராட்டு. இனிமேற் செய்யவேண்டிய செயலுக்குக் கிடைப்பது கடன். பெறுபவன் கழுத்தில் அது மாலையைப்போல விழுந்தாலும், சுமக்கும்போது நுகமென்பது தெரியவரும்.

ஆகவே விண்ணப்பிப்பவனிடம் கேட்கத்தக்க கேள்விகளும் கடினமானவை. அவற்றை நான்காக அடக்கிக் கூறலாம்.

முதலாவது கேள்வி: இது யாருடைய தேவை? கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், ஆதலால் அவர்களுக்குக் கணினி வேண்டும் என்று எழுதுவது எளிது. எந்தப் பிள்ளைகள்? எந்த வகுப்பு? எந்தப் பாடம்? காலையுணவின்றிப் பள்ளிக்கூடம் வருவதாற் பின்தங்கினார்களா? கணித ஆசிரியர் இல்லாமையாற் பின்தங்கினார்களா? கூலிவேலைக்குச் செல்லும் தாய் வீடு திரும்பும்வரை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதாற் பின்தங்கினார்களா? இவற்றுள் ஒன்றையேனும் கணினி தீர்க்குமா? வீடுகளுக்குச் சென்று திண்ணையில் இருந்து கேட்டாலன்றி இவற்றுக்கு விடை கிடையாது. வள்ளுவர் பெருமான் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னே வேறோர் அதிகாரத்தை வைத்தார். அதன் பெயர் ஒப்புரவறிதல். ஒப்புரவு என்று மாத்திரம் நில்லாது, அறிதல் என்பதையும் சேர்த்தார். கொடுக்குமுன் அறியவேண்டும் என்பதை அந்த வைப்புமுறையே நமக்கு உணர்த்துகின்றதென நான் கொள்கிறேன்.

இரண்டாவது கேள்வி: யாரோடு சேர்ந்து செய்வாய்? பென்சில்வேனியா மாணவனுக்கு வழிகாட்டியாக அப்பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும். அதுமட்டும் போதாது, வேலை நடைபெறும் இடத்து மக்களும் அவனோடு நிற்கவேண்டும். அத்தொடர்பு விண்ணப்பம் எழுதும் வாரத்திலே தோன்றிவிடுமா? அப்பல்கலைக்கழகம் 1992ஆம் ஆண்டிலே, அயலிலுள்ள மேற்குப் பிலடெல்பியா மக்களோடு கூடி வேலைசெய்வதற்கென ஒரு நிலையத்தை அமைத்தது. பாடத்தைப் படித்துக்கொண்டே அயற் பாடசாலைகளிலே தொண்டுசெய்யும் வகுப்புகள் அங்கே உண்டு. முதலாம் ஆண்டிலே அயலவரின் பெயரை அறிந்தவன், இறுதியாண்டிலே அவர்களோடு சேர்ந்து எழுதுவான். அறியாதவன் அவர்களைப்பற்றி எழுதுவான். இரண்டு விண்ணப்பங்களையும் படிப்பவர் வேறுபாட்டைக் கண்டுகொள்வார்.

மூன்றாவது கேள்வி: செலவு என்ன? இங்கேதான் பலருடைய இலட்சியம் தடுமாறுகிறது. கட்டடத்துக்கு நன்கொடை தருவோர் பலர். மாதந்தோறும் மின்சாரக் கட்டணத்தை ஏற்போர் சிலர். மின்சாரப் பட்டியலிலே உபயகாரரின் பெயரைப் பொறிக்க இடமில்லையன்றோ! பழுதுபார்க்கும் செலவு, காவலாளியின் சம்பளம், பேருந்துக் கட்டணம், புத்தகத்துக்கு அட்டை கட்டும் செலவு ஆகிய இவையெல்லாம் கணக்கில் வரவேண்டும். இன்னுமொன்று. அப்பரிசிலே செய்பவனுடைய சீவனத்துக்கும் தனியே தொகை வைத்திருக்கிறார்கள். நம்மிடையே இதனை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறோம். தொண்டுசெய்பவன் வயிற்றைப்பற்றிப் பேசலாகாது என்பது நமது எண்ணம். அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே தொண்டுக்கு வரமுடிகிறது; தங்கையின் கலியாணத்தையும் தந்தையின் மருந்தையும் எண்ணவேண்டிய பிள்ளை ஒதுங்கிவிடுகிறான். அவனும் வரவேண்டுமானால் அவனுடைய சோற்றையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

நான்காவது கேள்வி: ஆண்டு முடிந்தபின் என்ன? இதற்கு நல்ல உதாரணம், அப்பரிசை முதலாவது வருடத்திலே பெற்றவர்களுள் ஒருவரான சாட்ராக் பிரிம்பொங் என்பவர். அவர் ஆபிரிக்காவிலே கானா நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள தார்க்குவா பிரேமன் என்னும் கிராமத்திலே வளர்ந்தவர். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையும், ஊருக்கு ஒரு வைத்திய நிலையமும் அமைப்பது அவருடைய திட்டம். பரிசுப் பணம் தீர்ந்தபின் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? கானா கொக்கோ விளையும் தேசம். ஊரவர் கைத்தொழிலும் அதுவே. ஆகவே ஊருக்குப் பொதுவான கொக்கோத் தோட்டமொன்றை வைத்து, அதன் வருவாயைக்கொண்டே பாடசாலையையும் வைத்திய நிலையத்தையும் நடத்துவதென்று வகுத்தார். பெற்றோர் கட்டணத்துக்குப் பதிலாகத் தோட்டத்திலே வேலைசெய்து உதவுவர். இம்முயற்சி பின்னர் கொக்கோ360 என்னும் பெயரோடு வளர்ந்தது.

இது நமக்குப் புதிய செய்தியா? கோயிலைக் கட்டிய நம் முன்னோர், கட்டிவிட்டுப் போய்விடவில்லை. விளக்குக்கும் நைவேத்தியத்துக்குமென வயலையும் தென்னந்தோப்பையும் எழுதிவைத்தனர். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துத் தருமங்களை நடத்திய வழக்கமும் நம்மிடையே இருந்தது. கோபுரத்தை எழுப்புபவன் விளக்குக்கு எண்ணெயையும் நினைக்கவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கோயிலுக்குக் காட்டிய அந்த முன்யோசனையை வாசிகசாலைக்குக் காட்ட நாம் மறந்துவிட்டோம். வெளிநாட்டிலுள்ள உறவினர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் எழுந்து, திறப்புவிழா முடிந்ததும் பூட்டப்பட்ட கட்டடங்களை நாம் காணாமலில்லை.

நிற்க. இப்பரிசுபற்றி ஓர் ஆட்சேபம் எழலாம். தொண்டுக்குப் போட்டியா? அழகாக எழுதத் தெரிந்தவன் வெல்ல, உண்மையாக உழைப்பவன் தோற்கக்கூடாதா? கூடும். எந்தப் போட்டியிலும் அது நேரக்கூடியதே. மேலும், விண்ணப்பிப்போர் பலராகவும் பெறுவோர் சிலராகவுமே இருப்பர். ஆகையால் விண்ணப்பிப்பவன் தன்னையே கேட்கவேண்டிய ஐந்தாவது கேள்வியொன்று உண்டு: பரிசு கிடைக்காவிட்டால் இவ்வேலையிற் பத்திலொரு பங்கையாவது செய்வேனா? செய்வேன் என்று மனச்சாட்சி சொன்னால், அந்த விண்ணப்பம் வீணாகாது. சொல்லாவிட்டால், அவன் ஊருக்காக எழுதவில்லை, பரிசுக்காக எழுதினான்.

பரிசில்லாமலே தொடங்கியவை நம் நாட்டிலும் உண்டு. 1958ஆம் ஆண்டிலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன அவர்கள், தம் மாணவரை அழைத்துக்கொண்டு, சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று சிரமதானம் செய்தார். சர்வோதய இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. அந்தப் பிலடெல்பியா நகரிலேயே, 1731ஆம் ஆண்டிலே, அச்சுத்தொழில் செய்துவந்த பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒரு நூல்நிலையத்தை ஆரம்பித்தார். 50 பேரைச் சேர்த்து, ஆளொருவருக்கு முதலில் 40 சிலிங்கும், பின் வருடந்தோறும் 10 சிலிங்கும் சந்தாவாகப் பெற்றார். அந்நூல்நிலையம் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் 1749ஆம் ஆண்டிலே இளைஞர் கல்விபற்றி அவர் எழுதிய சிறு நூலே அப்பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு வழிகாட்டியது. மனித குலத்துக்குத் தொண்டுசெய்யும் விருப்பமும், அதற்கேற்ற வல்லமையும் ஒருங்கே அமைதல் கல்வியின் நோக்கமாகவேண்டும் என்பது அதிலுள்ள கருத்து. நம் இளைஞரிடத்தில் விருப்பத்துக்குக் குறைவில்லை. வல்லமையை வளர்க்கத்தான் இந்தக் கேள்விகள்.

ஆகையால் இச்சபையின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, இளைஞர்க்கு. நமது சங்கம் இனி எம்முயற்சிக்கு நிதி திரட்டினாலும், பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடுமுன் ஒரு தாளை எடுப்போம். யாருடைய தேவை, யாரோடு சேர்ந்து, என்ன செலவு, பின்பு என்ன என்ற நான்குக்கும் விடையெழுதி, பொதுக்கூட்டத்திலே உரக்க வாசிப்போம். அத்தேவைக்குரியவர்களையும் அன்று அழைப்போம். அவர்கள் தலையசைத்தபின் தனாதிகாரி அவர்கள் பணம் வாங்கட்டும்.

இரண்டாவது, பெரியோர்க்கு. பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் அரசாங்க நியமனத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் காலம் வீட்டுக்கும் பாரம், அவர்களுக்கும் பாரம். அவர்களில் ஒருவரையேனும், நாம் எல்லோரும் சேர்ந்து தாங்கி, ஓராண்டு ஊர் வேலைக்கு விடமுடியாதா? 50,000 டொலர் நம்மிடம் இல்லை. ஆனால் 50 குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று வைத்தாலும் ஒரு பிள்ளையின் ஓராண்டுச் சாப்பாடு ஏறக்குறைய நிறைந்துவிடும். அப்பிள்ளை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்கும்போது, அதைச் சோம்பலென்று கருதாதீர்கள். வேலையின் முதற்பாகம் அதுவே.

எனக்கும் இறுதியாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அது முடிந்தபின் இந்தத் தாளிலே எழுதப்படும் வேலை எதுவாயினும், அதற்கு என் பெயரையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.