ஒரு போனும் ரெண்டு பிள்ளைகளும்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக் முன்னாடி பேசிப் பழக்கம் இல்லை. கொரோனா காலத்தில் பிள்ளைகள் படிப்பு என்ன ஆச்சுன்னு பேசச் சொன்னாங்க. என் வீட்டில் நடந்ததையே சொல்றேன்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. என் வீட்டுக்காரர் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர். பௌர்ணமி வியாபாரம்தான் எங்களுக்கு மாசச் சம்பளம் மாதிரி. கிரிவலத்துக்கே தடைன்னு ஆனதும் வண்டி வாசலில் நின்னுடுச்சு. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கும் வெளியூர் சனம் வர அனுமதி இல்லை. குழுவில் முகக்கவசம் தைச்ச கூலிதான் அரிசி பருப்புக்கு ஆச்சு.

அப்போ என் பையன் ஒன்பதாவது, பொண்ணு மூணாவது. பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும்னுட்டாங்க. எங்ககிட்ட இருந்தது பட்டன் போன். குழுவில் உள்கடன் கேட்டேன். "போன் வாங்கவா கடன்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. கேட்டதில் தப்பில்லை. மாடு, வைத்தியம், பள்ளிக்கூடச் செலவுன்னுதானே அதுவரைக்கும் குடுத்திருக்கோம். ரெண்டு கூட்டம் பேசி, "படிப்புச் செலவு"ன்னு தீர்மானம் எழுதி 8,000 ரூபாய் குடுத்தாங்க. பத்து மாசத்தில் கட்டி முடிச்சேன்.

போன் வந்துச்சு. யார் கையில் இருந்துச்சுன்னு கேளுங்க. பையன் கையில். அவன் பெரிய வகுப்பு, அடுத்து பத்தாவதுன்னு நானேதான் குடுத்தேன். போட்ட டேட்டாவில் பாதி பாடம், பாதி விளையாட்டு. சின்னவளை "நீ டிவியில் பாரு"ன்னுட்டேன். கல்வித் தொலைக்காட்சியை அரசாங்கம் 2019-லயே ஆரம்பிச்சிருந்தது. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ பாடம் வர்ற நேரத்தில் கரண்ட் இருக்கணும், கேபிளுக்குப் பணம் கட்டியிருக்கணும். புரியலைன்னு இவ சொன்னா டிவிக்குக் கேக்காது. கொஞ்ச நாளில் என்கூட பாத்திரம் கழுவ வந்துட்டா. எனக்கும் அது ஒத்தாசையா இருந்துச்சு. இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

2021 நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாங்க. ரெண்டாவது முடியுற சமயத்தில் வீட்டுக்கு வந்தவ நேரா நாலாவதில் போய் உட்கார்ந்தா. அன்னைக்குச் சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தைக் குடுத்து படின்னேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்தா. கொம்பு எழுத்து வந்தா நின்னுடுவா. மூணாவது வரியில் அழுதுட்டா.

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான், அக்டோபர் 27-ல், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வச்சிருந்தார். எங்க தெருவுக்கு மாசி மாசம் வந்துச்சு. தன்னார்வலரா சேர பிளஸ் டூவாவது முடிச்சிருக்கணும். எனக்கு அந்தத் தகுதி இல்லை, அதனால திண்ணையைக் குடுத்தேன். பக்கத்துத் தெருவில் டிகிரி முடிச்ச பொண்ணு ஒண்ணு, மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் ஆனா பதினஞ்சு பிள்ளைகளோட மல்லுக்கட்டுச்சு. அதுகிட்டயும் போன் இருந்துச்சு, கதை போட்டுக் காட்டும். ஆனா என் மக எந்த எழுத்தில் நின்னாளோ அங்கேயே அதுவும் நின்னு, மறுநாள் அதே எழுத்திலிருந்து ஆரம்பிக்கும். ஆடி மாசம் ரேஷன் கடைப் பலகையை என் மக நிக்காம, சத்தமா படிச்சா. பாமாயில் இருப்பு இல்லைன்னு எழுதியிருந்தது. வரிசையில் இருந்தவங்க எல்லாம் சலிச்சுக்கிட்டாங்க, எனக்கு மட்டும் சிரிப்பு தாங்கலை.

ஒரே ஒரு கோரிக்கை. இனிமே படிப்புக்குப் போன் வாங்கணும்னு யாராவது உள்கடன் கேட்டா, எந்தப் பிள்ளைக்குன்னு கேட்டுத் தீர்மானத்தில் எழுதுங்க. அன்னைக்கு என்கிட்ட யாரும் அதைக் கேக்கலை.