தட்டிப் பார்க்கும் கை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என் தொழிலைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் அம்மாவுக்கே இன்னும் சரியாக விளங்காது. "பிளேனுக்குத் தேன்வதைப் பலகை செய்கிறாள்" என்றுதான் ஊராருக்குச் சொல்லுவா. அது பிழையுமில்லை.

கொஞ்சம் மேலே பாருங்கள். இந்த மண்டபத்தில் தொங்கும் கடதாசி மணிகளை நேற்றுப் பின்னேரம் தங்கச்சிமார் விரித்துக் கட்டியதைக் கண்டேன். மடித்து வைத்தால் ஒரு கொப்பியின் தடிப்பு. விரித்தால் முழு மணி. மெல்லிய தாள்களில் கோடு கோடாகப் பசை பூசி, ஒரு தாளின் பசைக்கோடு அடுத்த தாளின் இரு கோடுகளுக்கு நடுவில் வரும்படி அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். இழுக்கும்போது ஒட்டாத இடங்கள் திறந்து அறைகளாகின்றன. 1901இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் ஹான்ஸ் ஹைல்புறூன் இந்த முறையை உருவாக்கியது அலங்காரத்துக்காகத்தான். இன்று அலுமினியத் தாளையும், நொமெக்ஸ் என்ற தீயைத் தாங்கும் கடதாசியையும் நாங்கள் இதே முறையில்தான் ஒட்டி, அடுக்கி, விரிக்கிறோம். நொமெக்ஸ் என்றால் பீனோலிக் பிசினில் தோய்த்து, சூடாக்கி இறுகவும் வைக்கிறோம். பிறகு மேலும் கீழும் ஒவ்வொரு மெல்லிய தகடு ஒட்டினால் பலகை தயார். உள்ளே பெரும்பாலும் வெறும் காற்றுத்தான்.

வெறும் காற்று எப்படிப் பாரம் தாங்கும்? ஒரு தகட்டை வளைத்தால் ஒரு முகம் இழுபடும், மறுமுகம் அமுங்கும். நடுவில் இருப்பதற்கு வேலை குறைவு. ஆகவே தகட்டைத் தடிப்பில் இரண்டாகப் பிளந்து, பாதிகளை விலக்கி வைத்து, இடையில் தேன்வதையை ஒட்டுகிறோம். பழைய தகட்டின் தடிப்பளவு இடைவெளி விட்டால் விறைப்பு 7 மடங்காகும். அதைப்போல மூன்று மடங்கு இடைவெளி விட்டால் 37 மடங்காகும். எடையோ சிறிதளவுதான் கூடும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இதை இப்போதே சரிபார்க்கலாம்: 2இன் கனத்திலிருந்து 1இன் கனத்தைக் கழியுங்கள், 4இன் கனத்திலிருந்து 3இன் கனத்தைக் கழியுங்கள்.

1969இல் சந்திரனில் இறங்கிய ஓடத்தின் கால்களுக்குள்ளும் அலுமினியத் தேன்வதை இருந்தது. இறங்கும் அதிர்ச்சியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்வதற்காக அதை வைத்தார்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. தகடும் தேன்வதையும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் அந்த இடத்தில் மிஞ்சுவது இரண்டு மெல்லிய தகடுகள் மட்டுமே. அந்த ஒட்டு வெளியே தெரியாது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், விமானத் தரைப் பலகைகளைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சோதனைகளில் ஒன்று மிக எளியது. சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக ஒட்டிய இடம் 'டிங்' என்று தெளிவாகக் கேட்கும். விட்டுப்போன இடம் சத்தம் மங்கிக் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பலகையின் ஒரு மூலையில் சத்தம் சற்று மாறியது போல இருந்தது. பார வண்டி வாசலில் நின்றது. மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கையெழுத்து வைத்துவிட்டேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் பௌதிகவியல் ரீச்சர், வாசிப்பை விடைக்குப் பொருத்தமாக மாற்றி எழுதிய என் கொப்பியை மேசையில் வைத்து, "நீர் கண்டதை எழுதும், வரவேண்டியதை எழுதாதையும்" என்று சொன்னது காதில் கேட்டபடி இருந்தது. விடிந்ததும் தொலைபேசி எடுத்து, பலகையைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பேச்சும் வாங்கினேன். வெட்டிப் பார்த்தபோது, உள்ளங்கையளவு இடத்தில் பசை தேன்வதையைத் தொடவே இல்லை.

இது பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். 2005 மார்ச் 6ஆம் திகதி, கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குப் புறப்பட்ட எயர்பஸ் ஏ310 விமானம் ஒன்றின் சுக்கான் நடுவானில் கழன்று போனது. அதுவும் தேன்வதை நடுவே வைத்துச் செய்ததே. 250இற்கு மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். விமானிகள் திரும்பி வந்து பத்திரமாக இறக்கினார்கள். தகடு தேன்வதையிலிருந்து விட்டுப்போனதோ, தேன்வதை உள்ளே பிளந்ததோ பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்றும், அப்போதிருந்த சோதனை முறை இத்தகைய குறையை வேளைக்குக் கண்டுபிடிக்கப் போதாமல் இருக்கலாம் என்றும் கனடாவின் விசாரணையாளர்கள் சொன்னார்கள். ஆகவே தட்டிப் பார்ப்பதும் எல்லா இடத்துக்கும் போதாது. புதுக் கருவிகள் வேண்டும். அந்தக் கருவி காட்டுவதை மறைக்காமல் எழுதும் ஆட்களும் வேண்டும்.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு வரும்போது ஆய்வுகூடத்துக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பிள்ளைகளோடு இருந்து ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுங்கள். நான் நாளைக் காலை அங்கே இருப்பேன். கடதாசி, பசை, இரண்டு மட்டைகள் போதும். எத்தனை புத்தகம் தாங்குகிறது என்று பார்ப்போம். உடைந்தால், எங்கே ஒட்டு விட்டதென்று தேடுவோம்.

விழா முடிந்ததும் அந்தக் கடதாசி மணிகளை எறிந்துவிடாதேயுங்கள். நாளைக்கு எங்களுக்கு அவை தேவை.