கரைவலையும் கரையும்

சுபஹுத் தொழுகை முடிந்து பொழுது புலர்கையில், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளிலே கரைவலைத் தோணிகள் இறங்குகின்றன. தோணி கடலிலே வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு மீள்கிறது. கரையில் நிற்போர் இருபுறமும் கயிறு பற்றி மடியை மணலுக்கு இழுக்கின்றனர். மீன் விற்ற பணத்தில் செலவு கழித்து, மிகுதியை முதலாளியும் தொழிலாளரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். படகும் வலையும் இல்லாத ஏழைக்கும் கடலிலே பங்குண்டு என்பதே இத்தொழிலின் சிறப்பு.

இதனை ஆளச் சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் படகுக்குப் பதிவையும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரத்தையும் வேண்டுகிறது. ஆயினும், கரைவலைக்கு இன்றியமையாத முதல் அகன்ற மணற்கரையன்றோ?

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கடலுள் நீண்ட அதன் அணைகள், கரையோரமாக நகரும் மணலை மறித்தன. வடபாற் கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் அலைவாய் வீழ்ந்தன. துறைமுக வாயிலோ மணலால் தூர்ந்தது. பெரும் படகுக்கு வழியில்லை. சிறு வலைக்குக் கரையில்லை!

நிலமிழந்தவர் உறுதியைக் காட்டி நட்டஈடு கேட்கலாம். கயிறு இழுத்தவர் எதனைக் காட்டுவார்? சிறு மீனவரைக் கலந்தே அவர்தம் வாழ்வைப் பாதிக்கும் முடிவுகளை எடுத்தல் வேண்டும் என்பது, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2014இல் வகுத்த நெறி. ஆகவே, கரையிலே ஒரு கல்லை இடுமுன்னர், அங்கே கயிறு பிடிக்கும் கைகளை எண்ணுதல் வேண்டும்.