வாசலில் நிற்பவரைக் கேளுங்கள்



தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ் மேடைக்கு ஆள் தட்டுப்பாடு. புலவர்களையும் பட்டிமன்றக்காரர்களையும் மற்ற மேடைகள் அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சுகிற ஆள் கணினிக்காரன்தான். செயலாளர் என்னைக் கூப்பிட்டபோதே சொல்லிவிட்டார்: "அண்ணே, எதை வேணும்னாலும் பேசுங்க, ஆனா செயற்கை நுண்ணறிவு பத்தி ரெண்டு வார்த்தை கட்டாயம் வேணும், நோட்டீசுல போட்டுட்டோம்." போட்டுவிட்டார்கள், பேசித்தானே ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் எம்ஆர்டி பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

2024 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? பழைய ஈசி-லிங்க் பயண அட்டை ஜூன் மாதத்திலிருந்து செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோ என்ற முறைக்கு மாறுங்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. உடனே ஊரே எழுந்து நின்றது. கோப்பிக் கடையில் அதே பேச்சு. ஜனங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வாசலில் தட்டும்போது மீதி எவ்வளவு இருக்கு என்று ஏன் காட்டவில்லை?"

இதற்குப் பதில் மிகச் சுலபம். பழைய அட்டையில் காசு அட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதன் சில்லில் மீதித்தொகை எழுதியிருக்கும். வாசலில் இருக்கும் கருவி அதைப் படிக்கும், கழிக்கும், திருப்பி எழுதும், திரையில் காட்டும். யாரையும் கேட்கவேண்டியதில்லை. புதிய முறையில் அட்டை வெறும் அடையாளம். காசும் கணக்கும் எங்கேயோ ஒரு கணினியில் இருக்கின்றன. வாசலில் நிற்கிற நேரத்துக்குள் அங்கே போய்க் கேட்டு, பதில் வாங்கிவந்து காட்டவேண்டும் என்றால் சில விநாடி கூடுதலாகும். காலை எட்டரை மணிக்குத் தோபி காட் நிலையத்தில் சில விநாடி என்றால் என்ன ஆகும், உங்களுக்கே தெரியும். ஆகவே மீதியைக் காட்டவேண்டாம், செயலியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். கணினிக் கணக்குப்படி சரியான முடிவு. அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் கைதூக்கியிருப்பேன்.

ஆனால் அந்த எண் யாருக்கு வேண்டும்? மாசக் கடைசியில் அட்டையில் மூன்று வெள்ளி இருக்கிறதா, முப்பது காசு இருக்கிறதா என்று பார்த்துப் பயணம் போகிறவருக்கு வேண்டும். பிள்ளையின் அட்டையில் காசு போடும் அம்மாவுக்கு வேண்டும். செயலி இல்லாத பெரியவருக்கு வேண்டும். அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 22ஆம் தேதி அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய அட்டை தொடர்ந்து வேலை செய்யவேண்டும் என்பதற்காக இன்னும் 40 மில்லியன் வெள்ளி செலவழிக்கிறோம் என்றார்கள். வாசலில் ஓர் எண்ணைக் காட்டுவதற்கு 40 மில்லியன்! கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். திட்டம் போடும்போதே வாசலில் நிற்கிற நாலு பேரைக் கேட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, அவ்வளவுதான் என் வருத்தம்.

இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் பிடித்துவைத்திருக்கும் கருத்து இது ஒன்றுதான். கணினி சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டால், அதைச் செய்தவனுக்குப் பாதிதான் தெரியும். மீதியைத் தெரிந்தவர் அதன் முன்னால் நிற்கிறார். அவர் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். திறந்தாலும் "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் நாங்கள் காதை மூடிக்கொள்வோம். அங்கேதான் கோளாறு.

சரி, தமிழுக்கு வருகிறேன். இது தமிழ் மேடை.

இணையத்தில் தமிழ் ஏறிய கதையில் சிங்கப்பூருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் போட்டார்கள். அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அந்தத் தளத்தைத் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் வந்ததற்குக் காரணம் நா. கோவிந்தசாமி. அவர் யார்? பொறியாளரா? இல்லை. சிறுகதை எழுதியவர், தேசிய கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர். திரையில் தமிழ் தெரியவில்லையே என்று வாசலில் நின்று தவித்த ஆள். தவித்ததோடு நிற்காமல் உள்ளே நுழைந்து கற்றுக்கொண்டு, "கணியன்" என்று மென்பொருளும் செய்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் அவருக்குத் தோள்கொடுத்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத சீனர் அவர். இணையத்தில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டவர். பிற்பாடு இணைய முகவரியையே பல மொழி எழுத்துகளில் எழுதுவதற்கு வழிகண்டவர்களில் முக்கியமானவர். இன்றைக்குப் புள்ளி வைத்து "சிங்கப்பூர்" என்று தமிழிலேயே முடிகிற இணைய முகவரி இருக்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும், கை தூக்குங்கள் பார்ப்போம்... பரவாயில்லை, நாலு பேர் இருக்கிறீர்கள்.

1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு முதன்முதலில் கூடியது இங்கேதான். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஓர் எழுத்துரு. சென்னைப் பத்திரிகைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்காரர் நடத்தும் தளத்துக்கு வேறொன்று, கோலாலம்பூரில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இன்னொன்று. அண்ணன் மின்னஞ்சல் அனுப்பினால் தம்பி திரையில் அது ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டிக்கிடக்கும். "லெட்டர் கிடைச்சுது, படிக்கத்தான் முடியலை" என்று தொலைபேசியில் சொல்லவேண்டும். அப்புறம் எதற்கு மின்னஞ்சல்? இதையெல்லாம் ஒரு வழிக்குக் கொண்டுவரத்தான் 2000ஆம் ஆண்டு இங்கே கூடிய மாநாட்டில் உத்தமம் என்கிற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதைப் பார்க்கக் கோவிந்தசாமி இல்லை. 1999இல் போய்விட்டார். ஐம்பத்து சொச்சம் வயதுதான்.

இப்போது எல்லாருக்கும் பொதுவான குறியீடாக யூனிகோடு வந்துவிட்டது, சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இந்த வட்டாரத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். எங்காவது ஒரு பதாகையில் கொம்பு இடம்மாறித் தொங்கிக்கொண்டிருக்கும். 2017இல் தேசிய தின அணிவகுப்பு விளம்பரத் தாளிலேயே தமிழ் பிழையாக அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

பொதுவாக இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். "கொடி" என்று எழுதுகிறீர்கள். தாளில் எழுதும்போது முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கணினியின் நினைவகத்தில் அப்படி இல்லை. அங்கே முதலில் க, அதன் பின்னால் "ஒ" ஓசைக்கான குறி. திரைக்கு வரும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது தனியாக ஒரு வேலை. கைப்பேசியும் உலாவியும் இதை ஒழுங்காகச் செய்கின்றன. அச்சுக்கு வடிவமைக்கிறவர் இன்டிசைனைத் திறந்து, வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டால், அது நினைவகத்தில் இருக்கிற வரிசையிலேயே கொட்டிவிடும். க முன்னால் நிற்கும், கொம்பு பின்னால் அநாதையாக நிற்கும், நடுவில் ஒரு புள்ளிவட்டம் வேறு. மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். பிழை பார்த்தவர் வேர்டு கோப்பில் சரியாகத்தான் பார்த்திருப்பார். வெட்டி ஒட்டியவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அது ஒரு கோலம். கோலத்தில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அவரைத் திட்டிப் பயனில்லை. அச்சுக்குப் போகிற கடைசித் தாளைத் தமிழ் படிக்கிற ஒருவர் கண்ணில் காட்டவில்லை, அதுதான் காரணம். ஒரு நிமிஷ வேலை.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் இங்கேதான். 2015இல் நாட்டின் பொன்விழாவுக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தமிழ் நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் கொடுத்தார்களே, அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய பணி. அதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்த தொண்டூழியர்கள் திரண்டு வந்தார்கள். கைநிறையச் சம்பளம் கொடுத்தாலும் அப்படி ஓர் உழைப்பு கிடைக்காது.

இனி வாசலில் நிற்கிற இன்னொருவரைப் பார்க்க, லிட்டில் இந்தியாவில் இருக்கிற நம்ம தேக்காவுக்குப் போவோம். பூக்கடை அக்கா ஒருவரை எனக்கு நெடுநாள் பழக்கம். வாளித் தண்ணீரில் கை நனைத்து நனைத்துத்தான் மல்லிகை தொடுப்பார். கடையில் கியூஆர் அட்டை மாட்டியிருக்கிறார், பேநவ் வழியாகக் காசு வாங்குகிறார். ஆனால் காசு வந்துவிட்டதா என்று பார்க்கக் கைப்பேசியைத் திறக்கவேண்டுமே. விரல்ரேகை கேட்கும். ஈர விரலை அது ஏற்காது. முந்தானையில் துடைத்து வைத்தாலும் ஏற்காது, நார் இழுத்து இழுத்து ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. கடைசியில் மணிக்கட்டால் திரையைத் தட்டி, ஆறு இலக்க எண்ணை விரல் முட்டியால் அழுத்துவார். அதற்குள் வாங்கியவர், "அனுப்பிட்டேன்க்கா, பாருங்க" என்று தன் கைப்பேசித் திரையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் திரை பழைய படமாகவும் இருக்கலாம். அப்படி ஏமாந்த கடைக்காரர்கள் உண்டு. விரல்ரேகைக் கருவியைச் சோதித்தவர் குளிர்சாதன அறையில் காய்ந்த விரலை வைத்துச் சோதித்திருப்பார். உலகத்தில் ஈரக் கையோடு வேலை செய்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்கும். இப்போது கைப்பேசியிலேயே அனுப்பலாம். 2023 பிப்ரவரியில் நம்ம பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்துவிட்டார்கள். நல்ல காரியம். இருந்தும் வரிசை முழுக்கக் கரையவில்லை. முகப்பில் இருக்கிற பெண் பெயரைப் படித்துக்காட்டி, "அம்மா பேருக்குத்தானே, தம்பி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அழுத்துகிறாரே, அதற்காகவே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிற்போக்காகத் தெரியவில்லை.

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 2024இல் மட்டும் இந்த ஊர்க்காரர்கள் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளி. 2021 கடைசியில், வங்கி அனுப்பியதுபோலவே குறுஞ்செய்தி வந்து, இணைப்பைத் தட்டியவர்கள் சேமிப்பையே பறிகொடுத்தார்கள். அதற்குப் பிறகு நாணய வாரியம் வங்கிகளைச் செய்யச் சொன்னவற்றில் இரண்டு முக்கியமானவை. வங்கிச் செய்தியில் தட்டுகிற இணைப்பு இருக்கக்கூடாது. புதிய கைப்பேசியில் வங்கிக் கணக்குக்கான மின்சாவியை இயக்கினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கவேண்டும். நான் வாழ்நாள் முழுக்க ஒரு விநாடியை அரை விநாடி ஆக்குவதற்குச் சம்பளம் வாங்கியவன். என்னிடம் கேட்டால் அண்மைக்காலத்தில் வங்கித் தொழில்நுட்பத்தில் வந்த மிக நல்ல மாற்றம் இந்த 12 மணி நேரத் தாமதம்தான். இரவு முழுக்க யோசிக்கலாம். மகனைக் கேட்கலாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமாவைக் கேட்கலாம். திருடனுக்கு வேண்டியது வேகம். நமக்கு வேண்டியது யாரையாவது கேட்பதற்குக் கொஞ்சம் அவகாசம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். செயற்கை நுண்ணறிவு, இதோ.

"அம்மா" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் கணினியில் 4 பைட். தமிழில் எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த செயற்கை நுண்ணறிவு நம் சொற்களைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் விழுங்கும். ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டால் வேலையும் அதிகம், காசும் அதிகம். அதனால்தான் ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023 கடைசியில் சீ-லயன் என்ற மொழி மாதிரியை வெளியிட்டபோது நான் மகிழ்ந்தேன். அதற்குப் பயிற்றுவித்த 11 வட்டார மொழிகளில் தமிழும் ஒன்று. சொல்லை நறுக்கும் கத்தியையே இந்த மொழிகளுக்கென்று தனியாகத் தீட்டினார்கள். அது எழுதும் தமிழ் நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். பத்து மாணவர்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள், இந்த ஊர்த் தமிழ்போல இருக்கிறதா என்று கேளுங்கள். "கோப்பிக் கடை" என்று எழுதவேண்டிய இடத்தில் "காபி ஷாப்" என்று எழுதுகிறதா? "தொண்டூழியர்" என்றால் அதற்குப் புரிகிறதா? இதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை, பீஷானில் வளர்ந்த பிள்ளை போதும். அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நிமிர்ந்து பார்க்கிறார்கள், நல்லது.

அமைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டு விழாவுக்குப் பதாகை அடிப்பீர்கள். வேர்டு கோப்பை அனுப்பி "பிழை இருக்கா பாருங்க" என்று கேட்காதீர்கள். அச்சகத்துக்குப் போகிற பிடிஎஃப்பை அனுப்புங்கள். ராத்திரி பதினோரு மணியானாலும் பார்த்துத் தருகிறேன். என் எண் செயலாளரிடம் இருக்கிறது.