மேடைக் கல்லில் ஓட்டை போடும்போது ஒரு சொம்புத் தண்ணீர்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் சேமிப்பு, கடன், வட்டி பற்றிப் பேசப் போறதில்லை. சமையலறைக் கல்லிலும் டைல்ஸிலும் ஓட்டை போடுவது பற்றிப் பேசப் போறேன். "இதெல்லாம் மேஸ்திரி வேலை, நமக்கு எதுக்கு?" என்று அங்கே ஒரு அக்கா சிரிக்கிறாங்க. சிரிங்க, ஆனால் கொஞ்சம் கேளுங்க.

உங்க குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. "வீடு ரிப்பேர்" என்று எழுதிக் கொடுத்த உள்கடன் எத்தனை இருக்கும்? மண் அடுப்பு இருந்த இடத்தில் இப்போ கிரானைட் மேடை வந்தாச்சு. சுவரில் டைல்ஸ் ஒட்டியாச்சு. அதுக்குப் பிறகுதான் ஓட்டை வேலை ஆரம்பிக்கும். கேஸ் டியூப் போக மேடையில் ஒன்று, சிங்க் குழாய்க்கு ஒன்று, தண்ணி பில்டர் மாட்ட சுவரில் இரண்டு, தட்டு ஸ்டாண்டுக்கு நாலு.

இந்த ஓட்டைகளைப் போடுறது யாரு? பல வீடுகளுக்கு அது நம்ம ஆட்கள்தான். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. ஒருத்தர் வீட்டுக்காரர் கல் குவாரிக்குப் போறார். இன்னொருத்தர் தம்பி பாலிஷ் பட்டறையில் இருக்கிறார். பையன் காலையில் ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் டைல்ஸ் வேலை செய்யறான். ஆக, ஓட்டை போடப்படுற வீடும் நம்ம வீடு, ஓட்டை போடுற கையும் நம்ம வீட்டுக் கை. அதனால்தான் பேசறேன்.

முதலில் கல்லைப் பற்றி. கிரானைட்டுக்குள் பளபளவென்று மணி மணியாகத் தெரியுதே, அதில் ஒரு பங்கு குவார்ட்ஸ். இரும்பைவிடக் கெட்டி. சாதாரண சுவர் பிட்டை மாட்டி, மெஷினில் "ஹேமர்" பட்டனைத் தட்டிவிட்டு அழுத்தினால் அது கல்லை அறுக்காது, இடிக்கும். இடி விழுந்தால் கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் ரேகை வழியாக விரிசல் ஓடும். சிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் குறுகலான பட்டைதான் முதலில் பிளக்கும். ஒரு குழாய் ஓட்டைக்காக முழுக் கல்லையும் மாற்றி, அதுக்காக மறுபடி கடன் கேட்டு வந்தவங்க நம்ம குழுக்களிலேயே இருக்காங்க.

கிரானைட்டுக்கு வேண்டியது டைமண்ட் பிட்டு. நடுவில் பொள்ளலாக, குழாய் மாதிரி இருக்கும், வாயைச் சுற்றி வைரத் துகள் ஒட்டியிருக்கும். வைரம் குவார்ட்ஸைவிடக் கெட்டி, அதனால் தேய்த்தே அறுத்துவிடும். தரையில் போடுற விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் இதுதான். அது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத அளவுக்கு இறுகச் சுட்ட டைல்ஸ். சமையலறைச் சுவரில் ஒட்டுற சாதாரண டைல்ஸ் அவ்வளவு கெட்டி இல்லை. அதுக்கு ஈட்டி முனை மாதிரி இருக்கும் டைல்ஸ் பிட்டே போதும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, கிரானைட்டைவிட மெத்து. ஆனால் எந்தக் கல்லாக இருந்தாலும், எந்த டைல்ஸாக இருந்தாலும் ஹேமர் ஆஃபில்தான் இருக்கணும்.

இப்போ முறையைச் சொல்றேன். நீங்களே போட்டாலும் சரி, ஆள் வைத்துப் போட்டாலும் சரி, பக்கத்தில் நின்று பார்க்க இது தெரிந்திருக்கணும்.

ஒன்று, இடம் பார்க்கணும். மேடைக்கு அடியில் குனிந்து பாருங்க. பைப் போகுதா, ஒயர் போகுதா? சுவர் என்றால் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை வேண்டாம். உள்ளே ஒயர் ஓடும். கல்லின் விளிம்புக்கும் ஓட்டையின் விளிம்புக்கும் நடுவில் ஒரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு அங்குலம் விட முடிந்தால் நல்லது.

இரண்டு, அளவு. குழாயை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அடிப்பாகத்தை அளந்து அப்புறம் பிட்டு வாங்குங்க. மிக்சர் குழாய்க்குப் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். பில்டர் மாட்டுற ஸ்க்ரூவுக்கு 6 அல்லது 8 மில்லிமீட்டர் போதும்.

மூன்று, ஆரம்பம். பொள்ளல் பிட்டுக்கு நடு முனை கிடையாது, வழுக்கி ஓடிக் கல்லில் கோடு போட்டுவிடும். ஒரு பலகைத் துண்டில் அதே அளவு ஓட்டை போட்டு, அதைக் கல் மேல் அழுத்திப் பிடித்து, அதுக்குள் பிட்டை விட்டு ஆரம்பிங்க. பள்ளம் விழுந்ததும் பலகையை எடுத்துவிடலாம். சுவர் டைல்ஸில் ஒட்டு டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன் மேல் குறி வைத்தால் வழுக்காது.

நான்கு, தண்ணீர். குறி வைத்த இடத்தைச் சுற்றி ராகி மாவோ கோதுமை மாவோ கெட்டியாகப் பிசைந்து, வட்டமாகக் கரை கட்டுங்க. உள்ளே தண்ணீர் ஊற்றி நிறுத்துங்க. குறைய குறைய ஊற்றணும். சுவராக இருந்தால் ஒருத்தர் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடிக்கணும், ஓட்டைக்குக் கீழே ஈரத்துணியை டேப் போட்டு ஒட்டணும்.

ஐந்து, வேகம். மெஷின் மெதுவாக ஓடட்டும். கையில் பாரம் போடாதீங்க. பத்து எண்ணுவதற்குள் ஒரு தடவை பிட்டைக் கொஞ்சம் தூக்கித் தண்ணீரை உள்ளே விடுங்க. கடைசியில் இன்னும் மெதுவாக. அடியில் யாராவது ஒரு பலகையை அணைத்துப் பிடித்தால் கல்லின் கீழ் வாய் உடையாது. சுவரில் டைல்ஸ் முழுசாகத் தாண்டின பிறகுதான், உள்ளே இருக்கும் செங்கல்லுக்குச் சாதாரண பிட்டு.

ஆறு, கரண்ட். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கு, இதில் விளையாட்டு கூடாது. வீட்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருக்கா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுதா என்று முதலில் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. காலில் செருப்பு இருக்கணும். தண்ணீர் பிட்டின் வாயில் விழணும், மெஷின் மேல் விழக் கூடாது. பேட்டரியில் ஓடுற மெஷின் கிடைத்தால் அதுவே நல்லது.

இத்தனை நேரம் சொன்னது கல் உடையாமல் இருக்க. இனி சொல்லப் போவது நுரையீரல் கெடாமல் இருக்க.

18 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட்டில் 35 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால், பிட்டு தேய்த்து எடுக்கிற கல் சுமார் 12 கிராம். இரண்டு டீஸ்பூன் மாவு என்று வைத்துக்கோங்க. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். குவார்ட்ஸ் தூசி அங்கே போய் உட்கார்ந்தால் கரையாது, வெளியேயும் வராது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாகிக் கெட்டியாகும். இதுக்குப் பேர் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. அமெரிக்காவில் 2016-ல் போட்ட விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூசி இருக்கக் கூடாது. ஒரு கிராமை இருபதாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

பயப்படாதீங்க. வீட்டில் ஒரு ஓட்டை போட்டதால் யாருக்கும் சிலிக்கோசிஸ் வந்துவிடாது. ஆனால் தினமும் நாலு வீட்டில், வருஷக்கணக்கில், தண்ணீர் இல்லாமல் போடுறானே, அவன் நிலைமை வேறு.

நம்ம எல்லோரும் சின்ன வயசில் சிலேட்டுக் குச்சி பிடித்து எழுதினவங்கதான். அந்தக் குச்சி செய்யற தொழில் மத்தியப் பிரதேசம் மந்த்சௌர் மாவட்டத்தில் பெரிசாக நடந்தது. கல்லை மெஷினில் வறட்சியாக அறுப்பாங்க. 1980-களில் அங்கே தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது பாதிப் பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. இளம் வயசிலேயே ஆண்கள் இறந்து, கணவனை இழந்த பெண்கள் நிறைந்த ஊர்களாக அவை ஆயின. அது பழைய கதை என்று நினைக்காதீங்க. இப்போ அடுக்குமாடி வீடுகளில் "குவார்ட்ஸ் டாப்" என்று ஒரு செயற்கைக் கல் மேடை போடறாங்க. கல் மாவைப் பசை போட்டு இறுக்கிச் செய்வது. அதில் பல வகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. நம்ம பையன்கள் பெங்களூருவில் அதே மாதிரிக் கல்லை அறுத்துக்கிட்டு இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கேளுங்க.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கு. பிட்டு சூடேறிக் கருகாமல் காப்பது எந்தத் தண்ணீரோ, அதே தண்ணீர்தான் தூசியைச் சேறாக்கிக் கீழே உட்கார வைக்குது. கல்லுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. செலவு ஒரு சொம்புத் தண்ணீர்.

அதனால் வேலைக்கு வர்ற தம்பியிடம் கூச்சப்படாமல் சொல்லுங்க. "தண்ணி ஊத்திப் போடுங்க தம்பி." நம்ம பக்கம் எல்லா பாஷையும் நடக்குமே. தெலுங்குக்காரர் என்றால் "நீள்ளு போயண்டி", கன்னடக்காரர் என்றால் "நீரு ஹாக்கி". "நேரமாகும்மா" என்பார். ஆகட்டும், அந்த நேரத்தில் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்க.

வேலை நடக்கும்போது ஃபேனை நிறுத்துங்க. குழந்தைகளை வெளியே அனுப்புங்க. அரிசி, மாவு, குடிதண்ணீர் எல்லாம் மூடி அடுத்த அறைக்குப் போகட்டும். முடிந்ததும் விளக்குமாறு வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, சேறு காயும் முன்னே கவரில் கட்டி வெளியே போடுங்க. சிங்க்கில் ஊற்றினால் பைப்பில் இறுகி அடைக்கும். முந்தானையும் கர்ச்சீப்பும் நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி உட்கார்ற என்-95 மாஸ்க் தடுக்கும். கொரோனா காலத்தில் பார்த்ததுதான்.

இன்னொன்று. கல் வேலை, டைல்ஸ் வேலை செய்யறவங்களுக்கு மாசக்கணக்கில் இருமல், மூச்சு வாங்கல் இருந்தால், ஆஸ்பத்திரியில் "இத்தனை வருஷமா கல் வேலை செய்யறார்" என்று நீங்க சொல்லணும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லணும். சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் டி.பி. மாதிரியே தெரியலாம். சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டி.பி. எளிதில் வரவும் செய்யும். தொழிலைச் சொன்னால்தான் வைத்தியம் சரியான வழியில் போகும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லேயே வந்தாச்சு. டைல்ஸ், கல் வேலை செய்யறவங்க அதில் பதிவு செய்திருக்காங்களா, புதுப்பித்திருக்காங்களா என்று இந்த வாரமே கார்டை எடுத்துப் பாருங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் முதன்முதலில் தொடங்கியது அப்போதைய தருமபுரி மாவட்டத்தில். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னே நாமும் அதில்தான் இருந்தோம். எத்தனையோ நல்ல பழக்கத்தை நம்ம ஆட்கள் குழுவில் பேசிப் பேசித்தான் கொண்டு வந்தாங்க. இதையும் கொண்டு வரலாம். ஒவ்வொரு குழுவும் பொதுவில் ஒரு செட் டைமண்ட் பிட்டும் சில என்-95 மாஸ்க்கும் வாங்கி வைக்கலாம், வேண்டியவங்க எடுத்துப் போகலாம். வீடு ரிப்பேர் கடன் கொடுக்கும்போது "தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டை போடுவோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எந்தெந்தக் குழு எழுதியது என்று ஊக்குநர்கள் சொல்லணும், நான் கேட்பேன்.