வீட்டில் ஒரு விமானம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசுதற்குப் புலவர் பலர் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் புரியும் எனக்குச் செயலாளர் அவர்கள் தந்த தலைப்பு வேறு. கோபர்கைரனேயில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், மாலையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து விமானம் ஓட்டுகின்றனர். என் மகனும் அவருள் ஒருவன். "அப்பா, நல்ல ஆட்-ஆன் விமானம் ஒன்று வாங்க வேண்டும்" என்று கேட்கின்றனர். அது யாது? அதற்குப் பணம் கொடுக்கலாமா? கொடுப்பதாயின் எதற்குக் கொடுப்பது? இவையே என் பேச்சின் பொருள்.

இதனை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடுதல் முறையன்று. தரையில் இருந்தபடியே பறக்கப் பழக்கும் பொறியை 1929ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எட்வின் லிங்க் என்பார் அமைத்தார். அவர் தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை உடையவர். இசைக்கருவிக்குக் காற்றூட்டிய துருத்தியே அப்பொறியையும் சாய்த்தது, நிமிர்த்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பல்லாயிரம் விமானிகள் அதில் பயின்றனர். பின்னர் 1979இல் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் இவ்வித்தையைச் சிறு கணிப்பொறிக்குக் கொண்டு வந்தார். 1982இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை ஏற்று வெளியிட்டது. 2020இலும் 2024இலும் வெளிவந்த பிளைட் சிமுலேட்டர்கள் அவ்வழி வந்தவையே. எக்ஸ்-பிளேன் என்பது மற்றொரு குடும்பம்.

சிமுலேட்டரை வாங்கும்போதே சில விமானங்கள் அதனுடன் வரும். ஆயினும் அவற்றுள் பலவற்றில் எல்லாப் பொத்தான்களும் உயிர் பெற்றிருப்பதில்லை. ஆட்-ஆன் என்பது தனியே பெற்றுச் சேர்க்கும் விமானம். அதில் சிறந்ததொன்றைத் தேர்ந்தால், எண்ணெய்ப் பம்பை நிறுத்தியவுடன் அழுத்தம் குறையும். மின்சாரம் நின்றால் திரை இருளும். ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தொட்டு நிற்கும். விலை சில ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அஃது அற்பத் தொகையன்று. ஆகவே வாங்குமுன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, தங்களிடம் உள்ள சிமுலேட்டர் எது? எக்ஸ்-பிளேனுக்குச் செய்தது மைக்ரோசாப்டில் ஓடாது. 2020ஆம் ஆண்டுப் பதிப்புக்குச் செய்தவை எல்லாம் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் குறையின்றி இயங்கும் என்பதற்கும் உறுதியில்லை. அகலப் பாதை வண்டியை மீட்டர் பாதையில் ஏற்ற முடியுமா?

இரண்டாவது, கையில் பிடிப்பது யாது? ஏர்பஸ் 320 விமானத்தில் விமானியின் பக்கவாட்டில் ஒரு சிறு தண்டு இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஜாய்ஸ்டிக் அதனை ஒத்தது. போயிங் 737இல் இருப்பதோ இரு கையால் பிடிக்கும் வளையம். ஜாய்ஸ்டிக் மட்டும் உடையவர்க்கு ஏர்பஸ்ஸே இயல்பாக அமையும்.

மூன்றாவது, எங்கே பறக்க விருப்பம்? நம்மவர் பெரும்பாலும் சொந்த ஊருக்கே பறக்க எண்ணுவர். தூத்துக்குடி நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டராகவே இருந்தது. ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களே அங்கே இறங்கி வந்தன. அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26இல் திறக்கப்பட்டது. சிமுலேட்டரில் பழைய ஓடுபாதை இருக்குமாயின், பெரிய ஜெட் விமானத்தை அங்கே கொண்டு செல்வது பொருந்தாது, ஏ.டி.ஆரே தக்கது. மைக்ரோசாப்ட் சிமுலேட்டருக்கு அவ்விமானம் 2023இல் வெளிவந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் ஏர்பஸ் 320 நன்று.

வழிகாட்டும் தரவு உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒருமுறை மாறுகிறது. நம் ரயில்வேயின் கால அட்டவணை திருத்தம் போன்றது என்று கொள்ளுங்கள். நமக்கு அண்மையில் உள்ள நவி மும்பை விமான நிலையத்தில் 2025 டிசம்பர் 25இல் பயணிகள் சேவை தொடங்கிற்று. பல ஆண்டுகளுக்கு முந்திய தரவை வைத்துக்கொண்டு அதனைத் தேடினால் கிட்டாது.

நான்காவது, கணிப்பொறி தாங்குமா? நுணுக்கம் மிகுந்த விமானம் பொறியின் வலிமையை உறிஞ்சும். படம் தடுக்கித் தடுக்கி ஓடினால் தரையிறங்குதல் கூடாது. அப்பொழுது விமானத்தின் விலையோடு புதிய கணிப்பொறியின் விலையும் சேரும். விரலுக்குத் தக்க வீக்கமே நலம்.

ஐந்தாவது, நேரம் உண்டா? இருளில் கிடக்கும் விமானத்தை எழுப்பி, வழியைப் பதிந்து, எரிபொருள் கணக்கிட்டு, சென்னை சென்று இறங்க மூன்று மணி நேரம் வேண்டும். தேர்வு நெருங்கும் மாணவனுக்கு இதுவே பெரிய விலை.

இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பின்னும் உடனே பணத்தை நீட்ட வேண்டுவதில்லை. பிளை-பை-வயர் என்னும் குழுவின் தொண்டர்கள் ஏர்பஸ் 320 நியோவை மைக்ரோசாப்ட் சிமுலேட்டருக்கு இலவசமாகவே அளிக்கின்றனர். எக்ஸ்-பிளேன் உடையோர்க்கு ஸீபோ என்னும் போயிங் 737 விலையின்றிக் கிடைக்கிறது. இவை நேர்மையாகக் கிடைக்கும்போது களவுப் பிரதியைத் தேடுவது வெட்கம். மூன்று மாதம் இலவச விமானத்தில் பழகட்டும். ஆவல் அப்பொழுதும் தணியாதிருந்தால், பெனிக்ஸ் ஏர்பஸ் 320ஐயோ பி.எம்.டி.ஜி. போயிங் 737ஐயோ வாங்கலாம். என் மகனுக்கும் இதையே விதித்திருக்கிறேன். அவன் முகம் சற்று வாடிற்று, எனினும் ஒப்புக்கொண்டான்.

இறுதியாக, விமானியாக விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர்க்கு ஒரு சொல். வீட்டில் பறந்த மணிகள் உரிமத்திற்குக் கணக்கில் சேரா. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் மெய்யாகப் பறந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். உடற்தகுதிச் சான்றும் வேண்டும். பயிற்சிச் செலவோ பல இலட்சம். ஆதலின் கடன் வாங்குமுன் மருத்துவத் தேர்வை முடித்துக்கொள்க. கண்ணோ செவியோ தகுதியில்லை என்று பின்னர் அறிந்தால், பணத்தோடு பிள்ளையின் மனமும் உடையும்.

அப்படியாயின் சிமுலேட்டரால் பயன் என்ன? வரிசைப்படி செய்தல், ஒன்றையும் விடாது சரிபார்த்தல், பதறாதிருத்தல் ஆகிய மூன்றையும் அது கற்பிக்கும். சிக்னலையும் சீட்டையும் சரிபார்த்தே நாளைக் கழிக்கும் ரயில்வே ஊழியர்க்கு இவற்றின் அருமை தெரியும். பிள்ளை விமானியானாலும் வேறு தொழில் கொண்டாலும் இப்பழக்கம் அவனைக் கைவிடாது. ஆகையால் அன்பர்களே, பிள்ளை கேட்கும்போது உடனே மறுக்கவும் வேண்டா. உடனே வாங்கவும் வேண்டா. அருகில் அமர்ந்து, "இந்தப் பொத்தான் எதற்கு?" என்று கேளுங்கள். அவன் தெளிவாக விளக்குவானாயின், அடுத்த விமானத்திற்கு அவன் தகுதி பெற்றுவிட்டான் என்று அறியலாம்.